வசனத்துக்கு அப்புறம் என்ன?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு வயது 39. கொழிஞ்சாம்பாறை பக்கம், தமிழ்நாட்டு எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் தோட்டம். வீட்டுக்காரர் தேங்காய் வியாபாரம். வீட்டில் தமிழ், கடைவீதியில் பாதி தமிழ் பாதி மலையாளம், ரேஷன் கடையில் முழு மலையாளம். இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம்தான்.

என் வீட்டுக்காரர் எதைக் கேட்டாலும் சினிமா காமெடி வசனத்தில்தான் பதில் சொல்வார். மோட்டார் எரிந்துபோனால் ஒரு நேசமணி, கடன் தவணை தள்ளிப்போனால் ஒரு கவுண்டமணி. நான் நாலு நிமிஷம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் பதிலுக்கு ஒரு ஸ்டிக்கர் வரும். கல்யாணமான புதிதில் எனக்கும் இது பிடித்துத்தான் இருந்தது. பெண் பார்க்க வந்த அன்றைக்கே, சிரிக்கவே சிரிக்காத என் அப்பாவைச் சிரிக்க வைத்தவர் அவர்.

பையன் ஒன்பதாவது படிக்கிறான். எட்டாவது வரை தமிழ் மீடியம். இந்த வருஷம்தான் டவுனில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தோம். அங்கே அவனை 'அண்ணாச்சி', 'பாண்டி' என்று கூப்பிடுகிறார்கள். மலையாளப் படங்களில் தமிழர்கள் பேசுகிற மாதிரி இழுத்துப் பேசிக் காட்டுகிறார்கள். அவன் போட்டோவை வைத்து ஸ்டிக்கர் செய்து வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் இதைச் சொன்னான். அவர் உடனே ஒரு வடிவேலு வசனத்தை எடுத்துவிட்டார். மாமியார் சிரித்தார். பையனும் சிரித்தான். நானும்கூடச் சிரித்துவிட்டேன் மேடம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இரண்டு வாரம் கழித்து பஸ் ஸ்டாப்பில் அவனைக் கூப்பிட்டேன். பக்கத்தில் வந்து, "அம்மா, இங்க தமிழ்ல கூப்பிடாத" என்றான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னால், "உனக்கு காமெடி சென்ஸே இல்லை" என்கிறார். இது ஏதாவது வியாதியா? போனைப் பிடுங்கி வைத்துவிடட்டுமா? இல்லை, நான்தான் சிரிக்கத் தெரியாதவளா?

பெயர் வேண்டாம், பாலக்காடு மாவட்டம்

பதில்:

வியாதி இல்லை. போனைப் பிடுங்க வேண்டாம். சிரிக்கத் தெரியாதவர் என்று உங்களை நான் சொல்ல மாட்டேன். "நானும்கூடச் சிரித்துவிட்டேன்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடு போட்ட வரி அது. இன்னொரு வரியிலும் போட்டேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் ஆலோசனை பார்ப்பது பொள்ளாச்சியில், வாரத்தில் ஒரு நாள் சித்தூரில். (ஆந்திராவில் இருக்கிற சித்தூர் இல்லைங்க, உங்கள் ஊர்ச் சித்தூர். இதை விளக்கி விளக்கியே எனக்கு வயதாகிவிட்டது.) கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் என்று செக்போஸ்ட் ஓரத்து ஊர்களிலிருந்து வருகிறவர்கள் அதிகம். முன்பெல்லாம் பெண்கள் வந்தால், "அவரு வாயே தொறக்க மாட்டேங்கறாருங்க" என்பார்கள். இப்போது வருகிறவர்கள், "வாய் ஓயாமப் பேசறாருங்க, ஆனா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறாரு" என்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே புகாராகத்தான் கேட்கிறது.

இரவல் பேச்சு நமக்குப் புதிதில்லை. என் அப்பத்தா எதற்கும் சொந்த வார்த்தையில் பதில் சொன்னதாக எனக்கு நினைவில்லை. எல்லாம் பழமொழிதான். அடுப்பு சரியில்லை என்று மருமகள் சொன்னால் போதும், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்" என்று வாசலைப் பார்த்துச் சொல்வார். யாருக்குச் சொன்னார் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் சண்டைக்குப் போக முடியாது, அவர்தான் யாரையும் எதுவும் சொல்லவில்லையே. பழமொழி உட்கார்ந்திருந்த திண்ணையில் இப்போது காமெடி வசனம் உட்கார்ந்திருக்கிறது. கவுண்டமணி உடுமலைப் பக்கத்துக்காரர். அவர் திட்டுகிற திட்டெல்லாம் நம் பக்கத்து வீடுகளில் அவருக்கு முன்பே புழங்கியதுதான். சினிமா நம்மிடமிருந்து வாங்கியதை நாம் வட்டியோடு திருப்பி வாங்கிக்கொண்டோம். இதில் நான் குறை காணவில்லை.

நேசமணியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 2019 மே கடைசியில் நடந்த கூத்து நினைவிருக்கும். சிவில் என்ஜினியரிங் சம்பந்தப்பட்ட ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். தமிழர் ஒருவர் அதன் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், காண்ட்ராக்டர் நேசமணி மண்டையில் விழுந்தது இதுதான் என்றும் எழுதி வைத்தார். யார் அந்த நேசமணி, இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரணை கிளம்பி, அவருக்காகப் பிரார்த்தனை செய்யச் சொல்லி உலக அளவில் டிரெண்ட் ஆகிவிட்டது. வடிவேலு நேசமணியாக நடித்த 'பிரண்ட்ஸ்' படம் வந்ததோ 2001-இல். பதினெட்டு வருஷம் கழித்து ஒரு கற்பனை ஆளுக்குத் தலையில் அடி.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு விஷயமும் உண்டு. அந்த 'பிரண்ட்ஸ்' படத்தை இயக்கிய சித்திக், அதே கதையை 1999-இல் மலையாளத்தில் எடுத்தவர். அங்கே அந்தக் காண்ட்ராக்டராக நடித்தவர் ஜகதி ஸ்ரீகுமார். ஆக, உங்கள் வீட்டில் மோட்டார் எரிந்தால் வருகிற நேசமணிக்கு, உங்கள் பையனைக் கிண்டல் செய்கிற பிள்ளைகளின் வீட்டு டிவியில் ஒரு மூத்த அண்ணன் இருக்கிறார். இது பின்னால் உதவும்.

சரி, வடிவேலு என்ன செய்கிறார்? அடி வாங்குகிறார். வாங்கிவிட்டு, வாங்காத மாதிரி சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு நடக்கிறார். நாம் சிரிப்பது அந்த நடையைப் பார்த்து. உங்கள் வீட்டுக்காரர் மோட்டார் எரிந்த அன்றைக்கு நேசமணி வசனம் சொல்லும்போது, அடிபட்டவர் இடத்தில் தன்னைத்தான் வைக்கிறார். 'என் தலையிலும் சுத்தியல் விழுந்துவிட்டது, ஆனாலும் நிற்கிறேன் பார்' என்று பொருள். இது நல்ல குணம். வெள்ளை ஈயும் வேர் வாடலும் தேங்காய் விலையும் மாறி மாறி அடிக்கிற தொழிலில் ஒரு மனிதர் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்ததில் வடிவேலுவுக்கும் ஒரு பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

அன்று ராத்திரி அடிபட்டது அவர் இல்லையே, பையன். அதே வசனத்தை அவன் முன்னால் சொன்னபோது, அடிவாங்குகிறவன் நாற்காலியில் அவனைக் கேட்காமலேயே அவனை உட்கார வைத்தாயிற்று. அது எந்த வசனம் என்றும் நீங்கள் எழுதியிருந்தீர்கள். நான் அதை வெட்டிவிட்டேன், மன்னிக்கவும். படிக்கிறவர்கள் சிரித்துவிட்டால் நான் சொல்ல வருவது காற்றோடு போய்விடும்.

ராட் மார்ட்டின் என்ற உளவியலாளரும் அவர் கூட்டாளிகளும் நகைச்சுவையை நாலு வகையாகப் பிரித்து 2003-இல் ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார்கள். மற்றவர்களோடு ஒட்டிக்கொள்வதற்கான சிரிப்பு, தன்னைத் தேற்றிக்கொள்ளும் சிரிப்பு, அடுத்தவரைக் குத்தும் சிரிப்பு, தன்னையே மட்டம் தட்டிக்கொள்ளும் சிரிப்பு என்று நாலு. என் தொழிலில் இதை அடிக்கடி பயன்படுத்துவோம். ஆனால் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அது முழுதாக உதவாது. உங்கள் வீட்டுக்காரர் சொன்னது முதல் வகை, அவன் காதில் விழுந்தது மூன்றாம் வகை. ஜஸ்டின் க்ரூகரும் உடன் இருந்தவர்களும் 2006-இல் கிண்டலைப் பற்றிச் செய்த ஆய்வில் இதே விஷயம்தான் வந்தது: கிண்டல் செய்கிறவர், தன் மனதில் கெட்ட எண்ணம் இல்லை என்பது எதிராளிக்குத் தெரியும் என்று நம்புகிறார், எதிராளிக்கு அது அவ்வளவாகத் தெரிவதில்லை. "சும்மா தமாஷுக்குச் சொன்னேன்" என்பது சொன்னவர் பக்கத்தில் உண்மை. அதனால்தான் அவர் உங்களிடம் அப்படி அடித்துப் பேசுகிறார்.

பையன் ஏன் சிரித்தான்? எல்லாரும் சிரிக்கிற இடத்தில் சிரிக்காதவன் தனியாகிவிடுவான். வகுப்பிலும் அவன் இப்படித்தான் சிரித்துக்கொண்டிருப்பான், சந்தேகமே வேண்டாம். ஸ்டிக்கருக்குக் கீழே அவனே ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். பள்ளியில் நடந்ததைச் சொல்லத்தான் வீட்டில் வாயைத் திறந்தான். வீட்டிலும் அதே சிரிப்பு. அப்புறம் அவன் தானாகவே ஒரு கணக்குப் போட்டிருக்கிறான்: கிண்டலுக்குக் காரணம் தமிழ், தமிழை மறைத்தால் கிண்டல் நிற்கும். பஸ் ஸ்டாப்பில் நீங்கள் கேட்டது அந்தக் கணக்கின் விடை. உங்களைப் பார்த்து வெட்கப்பட்டான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லையில் வாழ்கிற நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், இந்தக் கிண்டல் இரண்டு பக்கமும் ஓடுகிறது. மலையாளப் படத்தில் 'பாண்டி' என்றால் அழுக்கு வேட்டி, பெரிய மீசை, உரத்த குரல். தமிழ்ப் படத்தில் மலையாளி என்றால் டீக்கடை நாயர், இல்லாவிட்டால் அதைவிட மோசமாக ஏதாவது. உங்கள் வீட்டில் மலையாளிகளைப் பற்றி என்ன ஜோக் ஓடுகிறது? கோபிக்காதீர்கள், பையன் அதையும் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறான். நிலவில் ஆம்ஸ்ட்ராங் இறங்கியபோது அங்கே ஏற்கனவே ஒரு நாயர் டீக்கடை இருந்தது என்ற பழைய ஜோக்கை எனக்கு முதலில் சொன்னது ஒரு பாலக்காட்டு நாயர்தான். அவர் சொன்னபோது அதில் ஒரு பெருமை இருந்தது. அதே ஜோக்கை எங்கள் தெருவில் இன்னொருவர் சொல்லிக் கேட்டேன், வேறு வாடை அடித்தது.

தாமஸ் ஃபோர்டு என்ற ஆய்வாளரின் வேலையிலிருந்து ஒரு விஷயம் உங்களுக்குத் தைரியம் தரும். ஒரு கூட்டத்தை மட்டம் தட்டும் ஜோக், வெறுப்பே இல்லாதவனிடம் புதிதாக வெறுப்பை உண்டாக்கிவிடுவதில்லை. ஏற்கனவே கொஞ்சம் வைத்திருக்கிறவனுக்கு, 'இங்கே அதைக் காட்டலாம், யாரும் கேட்க மாட்டார்கள்' என்ற அனுமதியைக் கொடுக்கிறது. உங்கள் பையனின் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் நாற்பது பேரும் எதிரியாக இருக்க மாட்டார்கள். மூன்று நாலு பேர் இருப்பார்கள், மிச்சப் பேர் கூடச் சிரிக்கிறவர்கள். உங்களைப் போல, உங்கள் மாமியாரைப் போல.

உங்கள் மாவட்டத்துக்குக் கேலி செய்வதில் பெரிய பாரம்பரியம் உண்டு. பாடி ஆடிக் கேலி செய்கிற ஓட்டந்துள்ளல் கலையை உண்டாக்கிய குஞ்சன் நம்பியார் லக்கிடிப் பக்கத்துக் கிள்ளிக்குறிச்சிமங்கலத்தில் பிறந்தவர், பதினெட்டாம் நூற்றாண்டு. அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். கோவிலில் ஒருவர் தனியாக நின்று கதை சொல்கிற சாக்கியார் கூத்துக்கு மிழாவு என்ற மேளம் வாசித்துக்கொண்டிருந்தபோது கண் அசந்துவிட்டாராம். சாக்கியார் அத்தனை பேர் முன்னாலும் அவரைக் கேலி செய்துவிட்டார். ராவோடு ராவாக நம்பியார் உட்கார்ந்து எழுதி, மறுநாள் பக்கத்திலேயே துள்ளல் ஆடி, கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் என்று கதை. உண்மையோ கட்டுக்கதையோ, கேலிக்கு ஆளான ஒருவர் என்ன செய்யலாம் என்பதற்கு ஊரே சேர்ந்து பாதுகாத்து வைத்திருக்கும் பதில் அது.

சாக்கியார் கூத்திலும் ஒரு ஒழுங்கு இருந்தது. (சிலப்பதிகாரத்திலேயே ஒரு கூத்தச் சாக்கையன் சேரன் செங்குட்டுவன் முன்னால் ஆடுகிறான், அவ்வளவு பழைய பெயர் இது.) சாக்கியார் கோவில் கூத்தம்பலத்தில் நின்று, எதிரே அரசனே உட்கார்ந்திருந்தாலும் கேலி செய்யலாம், யாரும் எதிர்த்துப் பேசக் கூடாது. எதிர்த்தால் தலையில் வைத்திருப்பதைக் கழற்றிவிட்டு ஆட்டத்தை நிறுத்திவிடுவார். பெரிய உரிமைதான். ஆனால் அவர் வேஷம் கட்டி, விளக்கு வெளிச்சத்தில், இன்னார் என்று எல்லாருக்கும் தெரிய நின்று பேசினார். அடி விழுவது பெரும்பாலும் தன்னைவிடப் பெரியவர்கள் மேல். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்டிக்கர் செய்தவன் யார் என்று உங்கள் பையனுக்குத் தெரியுமா? தெரியாது என்றே நினைக்கிறேன். அது சுற்றிச் சுற்றி வரும், செய்தவன் வர மாட்டான்.

எனக்கு இவற்றைவிடப் பிடித்தது பொறாட்டு நாடகம். உங்கள் மாமியாரிடம் கேளுங்கள், சின்ன வயதில் பார்த்திருக்கக்கூடும். பாலக்காட்டுப் பாணர்கள் ஆடியது. அறுவடை முடிந்த வயலில், ராத்திரி முழுக்க. பாட்டு பாதி தமிழ், பாதி மலையாளம். எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றது தொடங்குகிறது என்று பிரிக்கவே முடியாது. 'இங்கே தமிழில் கூப்பிடாதே' என்று யாரும் யாரிடமும் சொல்லாத மேடை. அதில் ஒரு பாத்திரம் சோத்தியக்காரன், அதாவது கேள்விக்காரன். குறவன் வருவான், குறத்தி வருவாள், ஒவ்வொருவரும் ஆட்டமும் பாட்டுமாக வந்து நிற்பார்கள். சோத்தியக்காரன் விடமாட்டான். நீ யார், எங்கிருந்து வருகிறாய், எதற்கு வந்தாய், ஏன் அழுகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பான். சிரிப்பு வருவதும் அந்தக் கேள்விகளில்தான், அந்த ஆளின் கதை வெளியே வருவதும் அந்தக் கேள்விகளில்தான். அவன் இல்லாவிட்டால் வேஷம் வந்து ஆடிவிட்டுப் போய்விடும், யார் வந்தார் என்றே தெரியாது.

உங்கள் வீட்டில் வேஷம் இருக்கிறது, சோத்தியக்காரன் இல்லை. அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது சின்ன விஷயம்தான். வீட்டுக்காரர் வசனம் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எழுந்து போகாமல், "சரிங்க, அப்புறம்?" என்று கேளுங்கள். குரலில் குத்தல் வேண்டாம், கதை கேட்கிற குரலில். அவர் இன்னொரு வசனம் சொல்வார். மறுபடி "அப்புறம்?" மூன்றாவது தடவைக்கு அநேகமாகக் கையில் வசனம் இருக்காது. அந்த இடத்தில் ஒரு மௌனம் வரும். நீங்கள் போய் அதை நிரப்பிவிடாதீர்கள், அது அவருடைய முறை.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நானே மாட்டியிருக்கிறேன். என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டாக்டர் சொன்னதை என் தங்கை பக்கம் பக்கமாக டைப் செய்து அனுப்பினாள். நான் திருப்பி அனுப்பியது தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு வடிவேலு ஸ்டிக்கர். ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்கிற நான்! இரண்டு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. எனக்கு அந்த நேரத்தில் வேறு வார்த்தை கிடைக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். பயத்தில் இருக்கிறவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பது ஸ்டிக்கர். உங்கள் வீட்டுக்காரருக்கும் அன்று ராத்திரி, "இதுக்கு என்ன செய்யறதுன்னு எனக்கே தெரியலடா கண்ணு" என்று சொல்ல வரவில்லை.

இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. தேங்காய் வியாபாரம் என்றால் திருச்சூர், எர்ணாகுளம் மார்க்கெட்டுகளுக்கெல்லாம் போய் வந்திருப்பார். அவரை யாராவது 'பாண்டி' என்று கூப்பிட்டிருக்கிறார்களா? கேட்டிருக்கிறீர்களா? பதினாறு வயதில் வாங்கிய அடிக்கு நாற்பத்தைந்து வயதிலும் வசனம் சொல்லித் தேற்றிக்கொள்கிற ஆண்கள் என் முன்னால் நிறைய உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படி ஒரு கதை அவரிடம் இருந்தால், அதை அவர் பையனிடம் சொல்லட்டும். புத்திமதியோடு வேண்டாம். 'நானெல்லாம் அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தேன் தெரியுமா' என்ற வீரக்கதையாகவும் வேண்டாம். என்ன நடந்தது, எவ்வளவு வலித்தது, அது மட்டும். கூடவே, "அன்னைக்கு நீ சொன்னப்ப நான் சரியாக் கேக்கல" என்று ஒரு வரி. அந்த ஒரு வரி போதும், அதற்குப் பிறகு அப்பாவும் மகனும் சேர்ந்து எத்தனை வடிவேலு வேண்டுமானாலும் பார்க்கட்டும். அந்த மலையாள 'பிரண்ட்ஸ்' படத்தையும் போட்டுப் பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு பையனோடாவது அவனுக்குப் பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

பள்ளி விஷயத்தைத் தள்ளிப்போட வேண்டாம். ஸ்டிக்கர், அது வந்த தேதி, அதற்குக் கீழே வந்த பதில்கள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். குரூப்பில் நீங்களோ வீட்டுக்காரரோ பதில் எழுத வேண்டாம். பையனிடம் சொல்லிவிட்டு, அவனுக்குத் தெரிந்தே, இரண்டு பேருமாக வகுப்பு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். 'பிள்ளைகளைத் தண்டியுங்கள்' என்று தொடங்கினால் அவர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள். 'போட்டோவை வைத்துச் செய்ததை நீக்க வேண்டும், மொழியைச் சொல்லிக் கூப்பிடுவது நிற்க வேண்டும்' என்று இரண்டை மட்டும் கேளுங்கள். மலையாளத்தில் பேசத் திணறினால் தமிழிலேயே பேசுங்கள், பாலக்காட்டு ஆசிரியர்களுக்குப் பெரும்பாலும் தமிழ் புரியும். பள்ளியில் கவுன்சிலர் இருந்தால் அவரையும் பாருங்கள். நடக்கவில்லை என்றால் 1098, குழந்தைகளுக்கான உதவி எண். கேரளப் போலீசும் பிள்ளைகளோடு போனில் பேசுவதற்கென்று 2020-இல் ஒரு சேவை தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சிரி'. இதைப் படித்ததும் உங்கள் வீட்டுக்காரர் ஏதாவது சொல்வார், சொல்லட்டும்.

பையனுக்குப் பதிலடி வசனம் சொல்லிக்கொடுக்கிற ஆசை எல்லா அப்பாக்களுக்கும் வரும். நம்பியார் மாதிரி ராவோடு ராவாக எழுதுகிற பிள்ளை என்றால் சரி. எல்லாருக்கும் அது வராது. வராதவனிடம் கொடுத்தால் மறுநாள் அதற்கும் சேர்த்துச் சிரிப்பார்கள். அதைவிட அவனிடம் ஒன்று கேளுங்கள்: யார் கூப்பிட்டால் பரவாயில்லை, யார் கூப்பிட்டால் வலிக்கிறது? பக்கத்து பெஞ்சுப் பையன் தோளில் கைபோட்டுக்கொண்டு 'அண்ணாச்சி' என்றால் அவனுக்கு அது பிடித்திருக்கவும் கூடும். கோடு எங்கே என்று அவனுக்குத் தெரியும், கேட்க ஆள் வேண்டும். ஒரே வருஷத்தில் பள்ளியும் மாறி, மீடியமும் மாறி, கூட்டாளிகளும் மாறியிருக்கிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். பாடம் புரிகிறதா என்றும் கேளுங்கள். வகுப்பில் பேசத் தயங்குகிறவனைக் கிண்டல் செய்வது சுலபம்.

பஸ் ஸ்டாப்பில் இப்போதைக்கு உரக்கக் கூப்பிட வேண்டாம், கையை அசையுங்கள். அதற்காக மலையாளத்தில் கூப்பிடவும் வேண்டாம், அவன் போட்ட கணக்கு சரிதான் என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். தமிழின் பெருமையைப் பற்றிச் சொற்பொழிவும் இப்போது வேண்டாம்.

இரண்டாவதாக நான் அடிக்கோடு போட்ட வரி, 'கடன் தவணை தள்ளிப்போனால் ஒரு கவுண்டமணி'. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் அறையில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் முதலில் இதைத்தான் கேட்டிருப்பேன். எத்தனை தவணை, யாரிடம், எவ்வளவு? உங்களுக்குத் தெரியுமா, இல்லை அங்கேயும் வசனத்தோடு முடிந்துவிடுகிறதா? ராத்திரி தூங்குகிறாரா? கள்ளோ வேறெதுவோ சமீபத்தில் கூடியிருக்கிறதா? சாப்பாடு குறைந்திருக்கிறதா? தமாஷ் பண்ணிக்கொண்டே 'நான் போய்ட்டா உங்களுக்கு நிம்மதி' என்கிற மாதிரி ஏதாவது சொன்னால், அதைத் தமாஷாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கே 14416-க்குக் கூப்பிடுங்கள், அரசாங்கத்தின் மனநல உதவி எண், தமிழிலும் மலையாளத்திலும் பேசுவார்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். நாலு நிமிஷ வாய்ஸ் மெசேஜா? நானே கேட்க மாட்டேன். லோடு ஏற்றிக்கொண்டிருக்கிற மனிதர் எப்படிக் கேட்பார்? முக்கியமானதை நேரில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் சாப்பிடும்போது வேண்டாம், மாமியார் முன்னால் வேண்டவே வேண்டாம். பார்வையாளர் இருந்தால் அவருக்கு மேடை ஏறத் தோன்றும். நம் ஆண்களுக்கு முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுவதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசுவது எளிதாக வருகிறது, என் அனுபவத்தில். அடுத்த தடவை பொள்ளாச்சிக்கு லோடு எடுத்துப் போகும்போது, சந்தையில் வேலை இருக்கிறது என்று நீங்களும் வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். கோபாலபுரம் தாண்டும் வரை சும்மா இருங்கள். போகும்போது கடன் கதை, வரும்போது பையன் கதை. இரண்டையும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டாம். அவர் போன் உங்கள் மடியில் இருக்கட்டும்.